வுன்பினியின் நான்கு பக்க மேல்முறையீடு

தமாலே நகரத்து வுன்பினிக்கு இழைக்கப்பட்ட அநீதி இதுதான்: அவளுக்கு ஆங்கிலம் போதுமான அளவு வாசிக்கத் தெரியாது என்று, ஆங்கிலத்தில், அவளுக்கே ஒரு கடிதம் வந்தது. அவள் அதை வாசித்தாள். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

நான்காம் வகுப்பிலிருந்து அவள் படித்ததெல்லாம் ஆங்கிலம். வெண்ணெய் எடுக்கும் ஷியாக் கொட்டையைப் பற்றி நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஆய்வேடு எழுதியதும் ஆங்கிலம். கானா அரசாங்கம் அவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் தந்தது ஆங்கிலத்தில். அதில் அவள் பெயரைத் தப்பாக எழுதியதும் ஆங்கிலத்தில்தான். போக்குவரத்துக் காவலர் அவள் மோட்டார் சைக்கிளை மறித்துத் திட்டுவார், அவளும் விடாமல் பதில் சொல்லுவாள், இரண்டும் ஆங்கிலத்தில் நடக்கும். பல்கலைக்கழக விவாத மன்றத்துக்கு இரண்டு வருடம் தலைவியாக இருந்தவள். எதிரணி ஒத்துக்கொண்ட பிறகும் வாதாடுகிறாள் என்று ஒரு முறை நடுவரே எழுந்து போயிருக்கிறார்.

ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் அவளுக்கு மேற்படிப்புக்கு இடம் வைத்திருந்தது. ஷியா வெண்ணெய் ஆராய்ச்சி, முழு உதவித்தொகை. ஒரே ஒரு நிபந்தனை. ஆகஸ்ட் முடிவதற்குள், அவளுக்கு ஆங்கிலம் தெரியும் என்று ஆங்கிலத் தகுதி நிர்ணயக் குழுமம் சொல்ல வேண்டும். பேச்சு, எழுத்து, கேட்டல் மூன்றிலும் குழுமம் சொல்லிவிட்டது. வாசிப்பில் நாற்பது கேள்விக்கு முப்பது சரியாக இருக்க வேண்டும். வுன்பினிக்கு இருபத்தொன்பது.

அந்த முப்பதாவது எங்கே போனது என்பது அவளுக்கு மிக நன்றாகத் தெரியும். வாசிப்புத் தேர்வில் இரண்டாவது பாடமே ஷியா மரத்தைப் பற்றியது. 'வட கானாவில் பெண்கள் மே மாதம் முதல் ஷியாப் பழங்களைச் சேகரிக்கிறார்கள்' என்று அதில் ஒரு வரி. கீழே கேள்வி: 'பெண்கள் ஷியாப் பழங்களை மரத்திலிருந்து பறிக்கிறார்கள். சரியா, தவறா, சொல்லப்படவில்லையா?'

ஷியாவை யாரும் பறிப்பதில்லை. அது தானாக விழ வேண்டும். விடியற்காலையில் போய்ப் பொறுக்க வேண்டும். காயைப் பறிப்பவளைப் பற்றித் தமாலேயில் பேசினால் பேச்சு அவளோடு நிற்காது, அவளைப் பெற்றவளையும் சேர்த்துக்கொள்ளும். வுன்பினி 'தவறு' என்று எழுதினாள். அதோடு விட்டிருக்கலாம். விடைத்தாளின் ஓரத்தில் காரணத்தையும் எழுதினாள்.

சரியான விடை: சொல்லப்படவில்லை.

"பதினாறு வருஷம் படிச்சு, கடைசில நம்ம மரத்துலயே தோத்துட்டு வந்திருக்க" என்றாள் அம்மா. அவள் முற்றத்தில் கொட்டைகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் தோக்கலம்மா. கேள்வி தோத்துப் போச்சு."

"அப்போ கேள்வியை ஸ்காட்லாந்துக்கு அனுப்புவாங்களா?"

அன்றே வுன்பினி மேல்முறையீடு எழுத உட்கார்ந்தாள். இரண்டு நாள் எழுதினாள். முதல் பக்கம் ஷியா மரத்தின் இயல்பு. இரண்டாம் பக்கம், விடிவதற்கு முன்பே குனிந்து குனிந்து தேய்ந்துபோன தன் தாயின் முழங்கால்கள். மூன்றாம் பக்கத்தில், ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக வைத்திருக்கும் நாட்டின் குடிமகளிடம் ஆங்கிலத்துக்குச் சான்று கேட்பது, மீனிடம் நீச்சல் சான்றிதழ் கேட்பதற்கு ஒப்பாகும் என்று நிறுவினாள். நான்காம் பக்கத்தில் மனசாட்சி, வரலாறு, வருங்காலத் தலைமுறை மூன்றையும் சாட்சிக்கு அழைத்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

தோழி மந்தேயா அரசு மருத்துவமனையில் நர்ஸ். கடிதத்தைக் கையில் எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தாள். "எல்லாத்தையும் எழுதிட்டியாடி?"

"ஒண்ணு விடல."

ஒரு வாரத்தில் அக்ராவிலுள்ள குழும அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. உரிய பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.' வுன்பினி அதை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். "நடுங்கிட்டாங்கம்மா. நடவடிக்கை எடுக்கிறாங்க."

ஒரு மாதம் போயிற்று. நடவடிக்கை வரவில்லை, இரண்டாவது முறை தேர்வு எழுதத் தேதி குறித்த கடிதம்தான் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மந்தேயா அவளை மிஸ்டர் தாஹிருவிடம் இழுத்துக்கொண்டு போனாள். நர்ஸ்களெல்லாம் இங்கிலாந்து போக அவரிடம்தான் படித்தார்கள். மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடைக்கு மேலே ஒற்றை அறை. வாசலில் 'வாசிப்பு நோய் நிபுணர்' என்று பலகை. அவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். வுன்பினியின் மதிப்பெண் தாளை ஜன்னல் வெளிச்சத்தில், எக்ஸ்ரே படத்தைப் போலத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"என்னது சார்?"

"அறிவு. உங்களுக்கு வந்திருக்கிறது அதுதான். முத்திப்போச்சு. ஆனா குணப்படுத்திடலாம்."

"சார், தெரிஞ்ச விஷயத்தைத் தெரியாதுன்னு எப்படி..."

"பாருங்க, விவாதம்! அதான் அறிகுறி. உங்க பேரு வுன்பினி. சரியா, தவறா, சொல்லப்படவில்லையா?"

"சரி."

"பாடத்துல இருக்கா?"

"எந்தப் பாடத்துல?"

"இப்போ பாடமே தரல இல்ல? தராத பாடத்துல உங்க பேரு எப்படி இருக்கும்? சொல்லப்படவில்லை. நாளைக்குக் காலைல வாங்க. வரும்போது தெரிஞ்சதெல்லாத்தையும் வீட்டுலயே வச்சிட்டு வாங்க."

மிஸ்டர் தாஹிருவின் முறைக்குக் கழுகுப் பார்வை என்று பெயர். கழுகு மேலிருந்து எலியைத்தான் பார்க்கும், புல்லைப் பார்க்காது. அதுபோல, பத்தியின் முதல் வரி, கடைசி வரி. நடுவில் இருப்பது புல். முதலில் கேள்வியைப் படிக்க வேண்டும். பிறகு விரலைத் தாளின் மேல் ஓட விட வேண்டும். விரல் நிற்கும் இடத்தில்தான் கண் நிற்க வேண்டும். விரலுக்குத் தட்டுப்படாதது உலகத்தில் இல்லை. பாடத்தை ரசிப்பது குற்றம். அங்கே ஒரு நர்ஸ், திமிங்கிலம் பற்றிய பாடத்தைப் படித்துவிட்டு "பாவம்" என்று சொன்னதற்காக அறைக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டாள்.

முதல் வாரம் வுன்பினி எல்லாப் பாடத்தோடும் சண்டை போட்டாள். தேனீ பற்றிய பாடம் தேனீக்களை அவமதிக்கிறது என்றாள். ரயில் பாடத்தில் ஆதாரம் எங்கே என்று கேட்டாள். இரண்டாவது வாரம் குரல் இறங்கியது. மூன்றாவது வாரம் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். தெரியாதவர்களுக்கு ஒரு கட்சி இருந்தால் அதிலும் தலைவியாகாமல் விடுவாளா என்ன?

அதற்குள் கழுகுப் பார்வை ஊருக்கே பாஷன் ஆகிவிட்டது. டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்கள் செய்தியின் தலையையும் வாலையும் மட்டும் படித்துவிட்டு அரசியல் பேசினார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயரையும் கடைசி வரியையும் பார்த்துவிட்டுப் போனவர்கள் சாப்பாடு முடிந்த மறுநாள் போய்ச் சேர்ந்தார்கள். மந்தேயா வார்டிலும் இதே முறையைக் கையாளத் தொடங்கினாள்.

"நோயாளியோட சீட்டுல முதல் வரி பேரு. கடைசி வரி டாக்டர் கையெழுத்து. எவ்வளவு நேரம் மிச்சமாகுது தெரியுமா?"

"நடுவுலதானடி மருந்து இருக்கும்?"

"அது கேள்வில வந்தா பாத்துக்கலாம்."

வுன்பினி வீட்டிலும் ஒரு சேதம் நடந்தது. ஜூலையில் ஒரு நாள் முற்றம் முழுக்கக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அம்மா உள்ளே இருந்து குரல் கொடுத்தாள்.

"ஏ புள்ள, மழை வருமா?"

வுன்பினி நிமிர்ந்து பார்த்தாள். மேகம் இருந்தது. மின்னல் இருந்தது. மழை என்று எங்கும் போடவில்லை.

"சொல்லப்படலம்மா" என்றாள்.

நனைந்த கொட்டையை அள்ளிக்கொண்டே அம்மா சொன்னாள்: "முன்னெல்லாம் தெரிஞ்சதைப் பேசி என் உயிரை வாங்கின. இப்போ தெரியாததைப் பேசி வாங்குற. அந்த வெள்ளைக் கோட்டுக்காரன் நல்லா இருக்கட்டும்."

இரண்டாவது தேர்வு ஜூலைக் கடைசியில் நடந்தது. முதல் பாடம் பனிப்பாறைகள். வுன்பினி பனிப்பாறையைப் பார்த்ததில்லை. அவற்றின்மேல் அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை. விரல் ஓடியது. இரண்டாவது பாடம் கடிகாரங்கள். விரல் ஓடியது. மூன்றாவது பாடத்தைத் திருப்பினாள். தலைப்பு: 'வடபுலத்திலிருந்து ஒரு மடல்'.

விரல் முதல் பத்தியில் ஷியா மரத்தில் முட்டியது. இரண்டாவது பத்தியில் அம்மாவின் முழங்கால் தட்டுப்பட்டது. மூன்றாவதில் மீன் நீந்திக்கொண்டிருந்தது.

அவள் கையைத் தூக்கினாள். கண்காணிப்பாளர் அம்மையார் குதிகால் சத்தம் கேட்காமல் வந்தார்.

"மேடம், இது நான் எழுதினது."

"நீங்க இன்னும் ஒண்ணும் எழுதலையே. இந்தப் பகுதி முழுக்கக் காலியா இருக்கு."

"விடை இல்ல மேடம், பாடம். இந்தக் கடிதம் என்னோடது."

"உங்க பேரு போட்டிருக்கா?"

"இல்ல."

"அப்போ உங்களோடதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"முழங்கால் எங்கம்மாவோடது!"

அம்மையார் குனிந்து தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "இருபது நிமிஷம் இருக்கு. உட்காருங்க."

உட்கார்ந்ததும் வுன்பினியின் கோபம் வடிந்து, அந்த இடத்தில் ஒரு பெரிய சந்தோஷம் வந்து உட்கார்ந்தது. உலகத்தில் எந்த மாணவிக்கு இந்த அதிர்ஷ்டம் கிடைக்கும்? பனிப்பாறையைப் பற்றிக் கேட்டால் பனிப்பாறையிடம் போய் விசாரிக்க முடியாது. இங்கே எழுதியவளே எழுத வந்திருக்கிறாள். இருந்தாலும் மிஸ்டர் தாஹிருவுக்கு மரியாதை கொடுத்து விரலை ஓட்டினாள். கேள்விகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நாற்பதாவது கேள்வி மிஞ்சியது: 'மடலை எழுதியவர் தம் விடைத்தாளை மறுமதிப்பீடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறார்.'

இதற்கு விரல் எதற்கு? எதற்காக எழுதினோம் என்பது எழுதியவளுக்குத் தெரியாதா? 'சரி' என்று அழுத்தி எழுதினாள். பென்சில் முனை உடைந்தது.

ஆகஸ்ட் இருபதாம் தேதி முடிவு வந்தது. வாசிப்பு: நாற்பதுக்கு இருபத்தொன்பது.

அவள் நேராக அக்ராவுக்குப் போன் போட்டாள். அம்மாவும் மந்தேயாவும் பக்கத்தில் நின்றார்கள். ஏழு பேரைத் தாண்டி, மேல்முறையீட்டுப் பிரிவின் மிஸ்டர் டோட்ஸே கிடைத்தார். அவசரப்படாத மனிதர், குரலிலேயே ஓய்வூதியம் தெரிந்தது.

"சார், நாற்பதாவது கேள்விக்கு நான் எழுதின விடை சரி."

"சரிங்கிறது தவறு மேடம். சொல்லப்படவில்லைங்கிறதுதான் சரி."

"அந்தக் கடிதத்தை எழுதினதே நான்தான்!"

"நீங்கதானா?" அவர் குரலில் உண்மையான மரியாதை வந்தது. "ரொம்ப நல்ல ஆங்கிலம் மேடம். நாங்க மூணு அதிகாரிங்க உட்கார்ந்து வாசிச்சோம். அந்த மீன் உவமைக்கு எங்க இயக்குநர் எழுந்து நின்னுட்டாரு. அதான் பாடமாவே வச்சிட்டோம்."

"என் கடிதத்தை எப்படி நீங்க..."

"விண்ணப்பத்துல ஏழாவது விதி. எங்களுக்கு வர்ற எழுத்தெல்லாம் எங்களுக்கே சொந்தம். நடுப்பத்தியில இருக்கும்."

வுன்பினி அந்தப் பேச்சை அங்கேயே விட்டாள். "அது போகட்டும். மறுமதிப்பீடு கேட்டுத்தானே நாலு பக்கம் எழுதினேன்?"

"பிரதி வச்சிருக்கீங்களா? கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

அவள் வாசித்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக விரல் இல்லாமல், முதல் வரியிலிருந்து, நடுவையும் விடாமல் வாசித்தாள். மரம் வந்தது. முழங்கால் வந்தது. மீனுக்கு மந்தேயா கை தட்டினாள். வரலாறு வந்தது, வருங்காலத் தலைமுறை வந்தது. கையெழுத்து வந்துவிட்டது. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மகள் முகம் தெரியும். "என்னடி, என்ன கேட்டிருக்க அதுல?"

வுன்பினி தாளை மடித்து வைத்தாள். போனில், இத்தனை வருடத்தில் யாரும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கேட்டாள்: "சார், இப்போ கேக்கிறேன். தயவுசெஞ்சு அந்த முதல் தேர்வோட ஷியாக் கேள்விக்கு ஒரு மார்க் போடுங்க."

மறுமுனையில் மிஸ்டர் டோட்ஸே ஒரு கோப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அதுக்கு ஆறு வாரம் கெடு மேடம், ஜூனோட முடிஞ்சு போச்சு. உங்க ஊர்லேருந்து பதினோரு பேர் அதே கேள்விக்கு அதே விடைதான் எழுதியிருந்தாங்க. 'மறுமதிப்பீடு செய்யவும்'னு ஒரே வரி எழுதிப் போட்டாங்க, பதினோரு பேருக்கும் மார்க் போட்டுட்டோம். நீங்களும் அந்த வரியை எழுதியிருந்தா உங்களுக்கும் அன்னிக்கே போட்டிருப்போம். என்ன, எங்களுக்கு மூணாவது பாடம் கிடைச்சிருக்காது."