டிவியில் வந்த கட்டிங் ஆர்டர்

நான் திருட்டு ரேடியோ நடத்தியவன். ஒரே ஒரு சாயங்காலம், ஏழே நிமிஷம். அதற்கு வெட்கப்படவில்லை. அப்பா அதற்குப் பிறகு கேட்ட கேள்விக்குத்தான் இன்னும் வயிறு எரிகிறது.

ரேடியோவை அரசாங்கம் மட்டுமே நடத்திய காலம். நான் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். வெளிநாட்டுப் பையன்கள் நடுக்கடலில் கப்பலை நிறுத்தி, அனுமதியே இல்லாமல் பாட்டு ஒலிபரப்பினார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்ததும் ஜுரமே வந்துவிட்டது. எங்கள் கச்சிராயபாளையத்தில் கடல் ஏது? கோமுகி அணை உண்டு. (விசாரித்தேன். பரிசல்காரர் முறைத்தார்.) ஆகவே மொட்டை மாடி.

கோபமும் சேர்ந்துகொண்டது. சென்னையில் தூறல் போட்டால் செய்தி. எங்கள் கரும்பு முற்றிப் பூத்து நிற்கிறது, சர்க்கரை ஆலையிலிருந்து 'வெட்டலாம்' என்கிற கட்டிங் ஆர்டர் சீட்டு வரவில்லை, அப்பா நடையாய் நடக்கிறார், இதை எவன் சொன்னான்? அந்தச் சீட்டு இல்லாமல் வெட்டினால் லாரி வராது, கரும்பு வெயிலில் காய்ந்து விறகாகிவிடும். காற்று என்ன இவர்கள் பாட்டன் சொத்தா?

இரண்டு டிரான்சிஸ்டர், பேனாவில் சுற்றிய செம்புக் கம்பி, டிவி ஆன்டெனா கம்பத்திலேயே கட்டிய ஏரியல். ஸ்டூடியோ, ஒரு போர்வை. அதற்குள் புகுந்து, குரலைக் கனமாக்கிக்கொண்டு வாசித்தேன்:

"முக்கியச் செய்தி. கச்சிராயபாளையம் வாய்க்கால் ஓரக் கரும்புகளுக்குக் கட்டிங் ஆர்டர் வழங்கப்பட்டுவிட்டது. விவசாயிகள் உடனே வெட்டலாம்."

(ஆசையைச் செய்தியாக வாசித்துவிட்டேன். பெரிய நிலையங்கள் செய்யாததா?)

சைக்கிள் கடைப் பக்கம் ரேடியோவோடு நிறுத்தி வைத்திருந்த நண்பன் முருகன் திரும்பி வந்தான். "ஒண்ணும் வரலடா. கொர்ருனு கீது, அவ்ளோதான்."

எட்டு மாச உழைப்பு! வெறுத்துப் போய்ப் படுத்தேன். காலையில் முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு, காலேஜுக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் திரும்பினால் வாய்க்கால் ஓரம் ஒரே கூட்டம். எங்கள் கரும்பில் பாதி தரையில் கிடந்தது. வெட்டும் ஆட்களின் மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"சீட்டு இன்னும் வரலீங்களே. சீட்டு இல்லாம லாரி வராதுங்க."

"சீட்டு இன்னாத்துக்குய்யா?" என்றார் அப்பா. "டிவியிலயே சொல்லிட்டாங்க. நியூஸு வாசிக்கிற அம்மா வாய அசைக்குது, ஆம்பள கொரலு நம்ம வாய்க்கால் பேரச் சொல்லுது. கவருமெண்டு சும்மா சொல்லுமா?"

எனக்குப் புரிந்துவிட்டது. என் குரல் ரேடியோவில் வராமல், ஆன்டெனா வழியாக நேராகக் கீழ்க் கூடத்து டிவியின் ஒலியில் போய் உட்கார்ந்திருக்கிறது. நிறுத்தாவிட்டால் மீதியும் போய்விடும்.

"அப்பா, அது நான்தான்."

"எது?"

"அந்த ஆம்பள கொரலு."

மேஸ்திரி அரிவாளைக் கீழே வைத்தார். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான்னு முன்னாடியே சொல்லக் கூடாதாடா? நம்பியிருக்கவே மாட்டனே!"

இது நியாயமா? முந்தின வாரம், "மோட்டார் புகையுதுப்பா" என்றேன். "உனக்கு இன்னா தெரியும்?" என்றார். மோட்டார் எரிந்தது. இருபது வருஷமாக நான் நேரில் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட நம்பாத மனுஷன், அதே வாய் பெட்டிக்குள்ளிருந்து பேசினால் ஆள் கூப்பிட்டு வெட்டுகிறார்!

ஆலை கையை விரித்தது. வெட்டிய கரும்பு வெல்லம் காய்ச்சும் கொட்டாய்க்குப் போனது. அந்த வருஷம் முழுக்க வெல்லக் காபி, இட்லிக்கும் வெல்லம். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அம்மா, "நியூஸு வாசிச்சவருக்கு இன்னோர் உருண்டை" என்று தட்டில் போடுவாள்.

என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தேன்.

"அப்பா, பொண்ணு பொறந்திருக்கு!"

"இரு, டிவியப் போட்டுப் பாத்துட்டு வர்றேன்" என்றார்.