எக்ஸ்ரே சாருக்கு ஸ்கோப் இல்லை

மனிதர்களே எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளப் பயந்த காலத்தில் கத்தரி விதைக்கு எக்ஸ்ரே எடுத்த ஒரே ஆத்மா எங்கள் திண்டுக்கல் எக்ஸ்ரே சார்தான். உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் சீமையில் சிலர் தனக்கு முன்பே விதைகளை வாட்டிவிட்டார்கள் என்று அவரே வருத்தத்தோடு சொல்லியிருப்பதால், மதுரை ஜில்லாவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கல்லூரியில் அவர் பௌதிகம், நான் ஆங்கிலம். ராவுத்தர் ஒருவரின் தோல் மண்டிக்கு மேலே அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். கீழிருந்து வரும் வாடையில் எனக்குச் சோறு இறங்காது. அவருக்கோ வாடை என்று ஒன்று இருப்பதே தெரியாது. நினைப்பெல்லாம் கதிர்வீச்சில் இருக்கும். "குளிச்சாச்சா சார்?" என்று கேட்டால், "அது பொருளோட அடர்த்தியைப் பொறுத்தது" என்பார்.

ஊரில் ஒரு டாக்டர் அவருக்குச் சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷினில் விதைப் பொட்டலத்தை வைக்க அனுமதி கொடுத்திருந்தார். ஒருமுறை நானும் கூடப் போனேன். சித்தையன்கோட்டையிலிருந்து வந்து காத்திருந்த ஒருவர் பேச்சுக் கொடுத்தார்.

"யாருக்குய்யா படம் புடிக்கணும்?"

"இதுக்கு" என்று பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார் எக்ஸ்ரே சார்.

"வெதைக்கா? வெதைக்கு என்னய்யா சீக்கு?"

"இப்ப ஒண்ணும் இல்ல. இனிமேதான் வரவைக்கணும்."

அந்த மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தன் நெஞ்சைப் படம் எடுக்காமலே பஸ் ஏறிவிட்டார்.

விதைகளை ஆத்தூரில் கருப்பையா என்பவரின் தோட்டத்தில் போட்டோம். ஒரு பாத்தியில் எக்ஸ்ரே பட்டது, பக்கத்துப் பாத்தியில் படாதது. எக்ஸ்ரே பட்ட செடிகளில் சில இலை சுருங்கி நின்றன. ஒன்றில் இரண்டு காய்கள் ஒட்டிக்கொண்டு பிறந்தன. கதிர் பட்டால் செடி மாறும் என்ற தன் எண்ணம் பலித்துவிட்டதென்று எக்ஸ்ரே சார் வரப்பிலேயே குதித்தார். எண்ணி, நிறுத்து, எழுத மறுவாரம் தராசோடு போனால் இரண்டு பாத்தியிலும் காய் குறைந்திருக்கிறது.

"எந்தப் பாத்தியில பறிச்சீங்க?" என்று கருப்பையாவின் மனைவியிடம் பதறினார்.

"ரெண்டுலயுந்தேன் சார். வெஞ்சனத்துக்கு ஒண்ணுமில்ல. எல்லாம் ஒரே கொழம்புலதானே கெடக்கு, செத்த நேரம் உக்காருங்க, சாப்புட்டுப் போகலாம்."

அவர் குழம்புச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, "ருசியில் மாற்றமில்லை" என்று குறித்துக்கொண்டார்.

இதையெல்லாம் கட்டுரையாக்கினார். ஆங்கிலத்தைச் சரிபார்த்துத் தட்டச்சு செய்தது நான். சீமையில் வரும் கதிர்வீச்சுப் பௌதிகப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினோம். மாதக்கணக்கில் காத்திருந்தபின் கட்டுரை அப்படியே திரும்பி வந்தது. எங்கள் பத்திரிகையின் ஸ்கோப்புக்குள் இது வராது என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். ஆராய்ச்சிப் பத்திரிகைகள் ஒவ்வொன்றும் இன்னின்ன விஷயம்தான் போடுவோம் என்று எல்லை வகுத்திருக்கும். அந்த எல்லைக்குப் பெயர்தான் ஸ்கோப். கதிர்வீச்சு சரி, கத்தரிக்காய் எங்களுடையதல்ல என்றது அந்தப் பத்திரிகை. விவசாயப் பத்திரிகைக்கு அனுப்பினோம். கத்தரிக்காய் சரி, கதிர்வீச்சு எங்களுடையதல்ல என்றது. எக்ஸ்ரே வைத்தியப் பத்திரிகை, நாங்கள் மனித நோயாளிகளைப் பற்றி மட்டுமே போடுகிறோம் என்றது. கதிர்வீச்சு ரசாயனப் பத்திரிகைதான் அன்போடு வழி சொன்னது: பௌதிகப் பத்திரிகைக்கு அனுப்பிப் பாருங்களேன்!

எக்ஸ்ரே சார் கரித்துண்டு எடுத்து அறைச் சுவரில் வட்டம் வட்டமாக வரைந்தார். "பாருங்க. இது பௌதிகம், இது ரசாயனம், இது வைத்தியம், இது விவசாயம். எல்லாத்துக்கும் நடுவுல ஒரு சந்து இருக்குல்ல? நான் அந்தச் சந்துல மாட்டிக்கிட்டேன்."

நான் பார்த்தேன். எது வட்டம், எது சந்து என்றே எனக்கு விளங்கவில்லை.

எங்கள் ஊரில் ஸ்கோப் என்ற சொல்லுக்கு வேறு பொருள். இந்தப் படிப்புக்கு ஸ்கோப் இருக்கா, அந்த வேலைக்கு ஸ்கோப் இருக்கா என்று கேட்பார்கள். இருந்தால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் இல்லை. சீமைக் கவர் வரும்போதெல்லாம் ராவுத்தர் மண்டியிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

"என்ன சார் எழுதியிருக்காக?"

"ஸ்கோப் இல்லைங்கிறாங்க பாய்."

"இவகளுமா? அடப் பாவமே!"

இந்தச் சமயத்தில் எக்ஸ்ரே சாருக்குச் செம்பட்டியில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் தகப்பனார் நிலக்கடலை வியாபாரி, மண்டி வைத்திருந்தார். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று எக்ஸ்ரே சார் கதிர்வீச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதிலிருந்தே அவருக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

நிச்சயத்துக்கு முன் தகப்பனார் விசாரிக்க வந்தார். முதலில் ராவுத்தரைப் பார்த்தார். ராவுத்தர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "தங்கமான புள்ள. ஞாயித்துக்கிழமையானா எக்ஸ்ரே எடுக்கப் போயிருவாரு. சீமைக்கெல்லாம் எழுதிப் பாத்துட்டாரு. எல்லாரும் ஸ்கோப் இல்லைன்னுட்டாக" என்றார். எக்ஸ்ரே என்றாலே காசநோய் என்று நினைத்த காலம் அது. தகப்பனார் முகம் வெளுத்து மாடியேறி வந்தார். நான் தாழ்வாரத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"எம்புட்டு நாளா இது?" என்றார்.

"ரெண்டு வருஷமா இதேதான்" என்றார் எக்ஸ்ரே சார், ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்கிறாரே என்ற பூரிப்பில்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"கேட்டா சொல்லியிருப்பேனே. நெறையப் பேருக்குப் புரியாது."

"நாளப்பின்ன புள்ளைகுட்டிகளுக்கும் வருமா?"

எக்ஸ்ரே சார் துள்ளி எழுந்தார். "சரியான கேள்வி! அதைத்தான் நானும் எதிர்பாத்துக்கிட்டிருக்கேன். அடுத்த தலைமுறையிலதான் கோளாறே நல்லாத் தெரியும்!"

தகப்பனார் கும்பிட்டார். படியிறங்கிப் போய்விட்டார். மறுநாள், சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் வந்து சொன்னான்.

"நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தாரு?" என்று எக்ஸ்ரே சார் என்னைக் கேட்டார். கட்டுரைகள் திரும்பி வந்தபோதெல்லாம் அவர் கோபப்பட்டிருக்கிறார், சுவரில் வரைந்திருக்கிறார். அன்று ஒன்றும் செய்யவில்லை. விதைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை. ராவுத்தரிடம் போய், பெண்ணின் தகப்பனாரிடம் என்ன சொன்னார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, செம்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

தகப்பனாரிடம் ஆதியோடந்தமாகச் சொன்னேன். எக்ஸ்ரே அவருக்கு இல்லை, விதைக்கு. ஸ்கோப் இல்லை என்றது பத்திரிகைக்காரர்கள், டாக்டர்கள் இல்லை. கோளாறு வரப்போவது கத்தரிச் செடியின் வாரிசுக்கு.

அவர் ஒவ்வொன்றாக உறுதிப்படுத்திக்கொண்டார்.

"அப்ப மாப்ளைக்கு ஒரு சீக்கும் இல்ல?"

"இல்லை."

"நல்ல ஒடம்ப வச்சுக்கிட்டு, கத்தரி வெதைக்குப் படம் புடிக்கிறாரு?"

"ஆமாம்."

"தம்பி, சீக்குன்னாக்கூட மதுரைக்குக் கூட்டிப்போயி வைத்தியம் பாத்துரலாம்னு நெனச்சேனப்பு!"

கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் பீறிய சிரிப்பு. பெண் கமலம் வெளியே வந்தாள்.

"அந்தக் காயைச் சமைச்சு அவுக சாப்புட்டாகளா?" என்று என்னைக் கேட்டாள்.

"சாப்பிட்டாரம்மா. ருசியில் மாற்றமில்லை என்று எழுதியிருக்கிறார்."

"அப்பா, நான் அவுகளையே கட்டிக்கிறேன்" என்றாள். தகப்பனார் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய குழப்பம் கல்யாணத்தன்றும் தீரவில்லை.

கல்யாணத்துக்குப் பின் கமலம் அறைச் சுவரைக் கழுவி வெள்ளையடித்தாள். கட்டுரையை மட்டும் தொடவில்லை. சில வருஷங்கள் கழித்து, கதிர்வீச்சும் உயிர்களும் என்று இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும் புதுப் பத்திரிகை ஒன்று வெளிநாட்டில் தொடங்கியிருப்பதை எக்ஸ்ரே சார் கண்டுபிடித்தார். அதன் ஸ்கோப்பை அச்சிட்டிருந்த பக்கத்தைக் கல்யாணப் பத்திரிகை போலத் திரும்பத் திரும்பப் படித்தார். நான் மறுபடியும் தட்டச்சு செய்தேன். அனுப்பினோம்.

பதில் வந்த அன்று அவர் லட்டுப் பொட்டலத்தோடு என் அறைக்கு ஓடிவந்தார். கடிதத்தை வாங்கிப் படித்தேன். விஷயம் எங்கள் ஸ்கோப்புக்குள் வருகிறது என்று முதல் வரி. கீழே: எக்ஸ்ரேயின் அளவு போதாது, இரண்டு பாத்தியின் காய்களும் கலந்துவிட்டன, முடிவுகளை ஏற்பதற்கில்லை.

"சார், இது..." என்று இழுத்தேன்.

"மொத வரியைப் படிங்க!" என்றார். "நாம உள்ள வந்துட்டோம். தப்புன்னு சொல்றதுக்கே ஒரு எடம் வேணும்ல? இம்புட்டு வருஷமா அதுகூடக் கெடைக்கலையே!"

லட்டை என் வாயில் திணித்துவிட்டு ராவுத்தருக்குக் கொடுக்கப் படியிறங்கினார். பின்னாலேயே வந்த கமலம் வாசலில் நின்று, குரலைத் தணித்துக் கேட்டாள்.

"அண்ணே, நெசமாவே நல்ல சேதிதானா?"

கீழே மண்டியில் ராவுத்தரும் அவரும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல சேதிதாம்மா" என்றேன். பொய் சொன்னதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.