ஒருவருக்கு ஓர் ஆபத்து

உலகில் எத்தனையோ நாகரிகங்கள் தோன்றி அழிந்தன. அவற்றில் ஒன்றுக்காவது, மனிதனின் கைக்கு ஓர் அறையும் இடுப்புக்குக் கீழ்ப்பகுதிக்கு ஓர் அறையும் ஒதுக்கத் தோன்றியதா? அந்தப் பெருமை எங்கள் ஊர் நலவாழ்வு மையத்தையே சேரும். முதல் அறை, போதை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு. எதிர் அறை, பாலியல் நோய்ப் பரிசோதனைக்கு. நடுவே வழவழப்பான நடை. அதில்தான் என் தம்பி பந்தாக உருண்டான்.

தம்பி ஊசிக்காரன். நண்பர்கள் வைத்த பெயர் ‘ஒட்டடைக்குச்சி’. அவன் மனைவி கர்ப்பிணி. அவளுக்கிருந்த சிபிலிஸ் என்ற பாலியல் நோயைக் கண்டுபிடித்துக் குணப்படுத்திய பிரசவ டாக்டரம்மா, “புருஷனுக்கும் பார்த்து மருந்து குடுத்தாகணும். இல்லேன்னா இவளுக்குத் திரும்ப வரும், குழந்தை தங்காது. இங்க ஆம்பளைங்களுக்குப் பார்க்கிறதில்ல, மையத்துக்குப் போங்க” என்றார். போனோம்.

முதல் அறை ஆலோசகர் எழுந்து நின்று வரவேற்றார். “ஊசி போடுறீங்களா? ரொம்ப சந்தோஷம்! உட்காருங்க.”

“சிபிலிஸ் டெஸ்ட் எடுக்கணும் சார்.”

அவர் முகம் வாடியது. “அது எதிர் ரூம்.”

எதிர் அறை நர்சம்மா தம்பியின் முழங்கையைப் பார்த்தார். “நீங்க அந்த ரூம் ஆளாச்சே?”

“அவங்கதான் இங்க அனுப்பினாங்க.”

“நோய் எதனால வரும்னு கம்ப்யூட்டர் ஒருத்தருக்கு ஒரு ஆபத்துதான் வாங்கும் தம்பி. உங்களுக்கு ஊசின்னு போட்டாச்சு.”

“எனக்குப் பொண்டாட்டியும் இருக்காம்மா.”

“பொண்டாட்டி ஆபத்துல வராதே!”

“அவள நீங்க பார்த்ததில்ல.”

நான் சிரித்துத் தொலைத்தேன். நர்சம்மாவும் வயிறு குலுங்கச் சிரித்தார். ரத்தம் மட்டும் எடுக்கவில்லை.

இயக்குநரிடம் முறையிட்டேன். அந்த மாமனிதர் உடனே ‘அவசரக் கூட்டம்’ கூட்டினார். தேநீர் வந்தது. ஊசி போடுபவர்களுக்குத் தாம்பத்தியம் உண்டா என்ற ஆழ்ந்த கேள்வி மேசைமேல் வைக்கப்பட்டது.

“போதையில கெடக்கிறவனுக்கு அதுக்கெல்லாம் ஏது சார் நேரம்?” என்றார் ஆலோசகர்.

“இவன் பொண்டாட்டி மாசமா இருக்காளே சார்!” என்றேன்.

“அது அவங்க குடும்ப விஷயம்மா. நாம தலையிடக் கூடாது” என்றார் இயக்குநர், கண்ணியமாக.

இரண்டு ஆபத்தும் உள்ளவர்களுக்காக ‘ஈராபத்தாளர் துணைக்குழு’ அமைப்பதென்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று.

“அதுவரைக்கும் நான் என்ன சார் பண்றது?” என்றான் தம்பி.

“ரெண்டுல ஒண்ண விட்டுட்டு வாங்களேன்” என்றார் இயக்குநர்.

தம்பி என் பக்கம் திரும்பினான். “எதக்கா விடச் சொல்றாரு?”

துணைக்குழு கூடியது, கலைந்தது, மீண்டும் கூடியது. நாங்கள் போகும்போதெல்லாம் அது தலைவரைத் தேடிக்கொண்டிருந்தது. தம்பி மனைவிக்கு நோய் திரும்பியது. குழந்தை அசையாமல் பிறந்தது. பெண். என்னை ‘அத்தை’ என்று கூப்பிட வேண்டியவள். “அவருக்கு ஒரே ஒரு பென்சிலின் ஊசி, அது போதுமே!” என்று டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

அந்த ஆண்டு மையத்துக்குக் கேடயம் கிடைத்தது. விழாவில் இயக்குநர் குரல் தழுதழுக்க அறிவித்தார்: “நம்மகிட்ட வர்ற ஊசிக்காரங்கள்ல ஒருத்தருக்குக்கூட பாலியல் நோய் பதிவாகல!”

அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். தட்டட்டும், பிழையில்லாத புள்ளிவிவரம். ஆனால் ஐயா, என் தம்பி தனக்குத்தானே போட்டுக்கொண்ட ஊசிகளால் யாரும் சாகவில்லை. அவன் மகளைக் கொன்றது, நீங்கள் போடாத ஊசி.