கிளட்ச் இல்லாத காரும் கிளட்ச் மாஸ்டரும்

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆறு மாதம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவன். லைசென்ஸ் டெஸ்ட்டில் நான்கு முறை தோற்றவன். நான்காவது முறை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் "கிளட்ச்ச மிதிங்க" என்றார். நான் மிகுந்த மரியாதையோடு, "அது எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது என் மனைவி. நான் பக்கத்தில் காய்கறிப் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்தப் பெருமை முழுக்கக் கிளட்ச் மாஸ்டரையே சேரும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஓடிய வண்டிகளில் பாதிக்குப் பிரேக் போட்டவர் அவர்தான். அதில் முக்கால்வாசி வண்டிகளில் அவர் ஏறியதே இல்லை. கடலூர் புதுநகரில் முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியதால் அவருடைய வலது கால் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டிருந்தது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலும் எதிரே லாரி வந்தால் முன் சீட்டுக்காரரின் பின்புறத்தில் ஒரு மிதி விழும். சலூனில் முடி வெட்டிக்கொள்ளும்போது கண்ணாடியில் தெருவைப் பார்த்துக்கொண்டே மிதிப்பார். சினிமாத் தியேட்டரில் கதாநாயகன் குதிரையில் வந்தாலும் மிதிப்பார். நின்றால் நடப்பார், நடந்தால் ஓடுவார். அவர் ஒரு டீயை முழுதாக உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை.

இடது காலின் கதை வேறு. முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பதிலாகக் கிளட்ச்சை மிதித்து மிதித்து அந்த முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவர் போடும் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். பெயர் வந்த வழி அதுதான். சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் அவரே ஒரு விநாடி யோசிப்பார்.

அப்படிப்பட்டவர், இரண்டாயிரத்து எட்டாம் வருடம் என்று நினைவு, கிளட்ச்சே இல்லாத ஒரு காரை வாங்கிவிட்டார்.

பெங்களூரில் யாரோ ஓட்டிக் கழித்த குட்டி மின்சாரக் கார். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றிப்போன லாரியில், திரும்பும்போது பழத்துக்குப் பதிலாக இது வந்தது. அதனால் ஒரு மாதத்துக்குக் காருக்குள் பலாப்பழ வாசனை, கூடவே பெங்களூர் போய்த் திரும்பிய பண்ருட்டி ஈக்கள். இரண்டே கதவு. உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"மாமா, இத்த ராத்திரில உள்ள எடுத்து வச்சிடு. காத்தடிச்சா தேவனாம்பட்டினம் கடக்கரையில போயிப் பொறுக்கணும்."

மாஸ்டர் கோபப்படவில்லை. "சிரிங்கடா. கியர் இல்ல, கிளட்ச் இல்ல, பெட்ரோல் இல்ல, சத்தம் இல்ல. டீச்சர், நர்ஸம்மா, கிளார்க்கு, எல்லாரும் ஓட்டலாம். தோ, இவன்கூட ஓட்டலாம்" என்று என்னைக் காட்டினார். நான் அப்போது கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்துபவன். மாப்பிள்ளை பெயரையும் மாப்பிள்ளையின் அப்பா பெயரையும் இடம் மாற்றிப் பெரிய ரகளை ஆன வாரம் அது. 'இவன்கூட' என்பதற்கு ஊரில் என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. மறுநாளே சேர்ந்துவிட்டேன்.

முதல் பாடம், கதவு. நான் சாதாரணமாகத்தான் சாத்தினேன். கார் முழுக்க ஆடியது.

"யோவ், மெதுவா சாத்துய்யா. பிளாஸ்டிக்கு."

ஆறு மாதமும் அதுவே முதல் பாடமாக இருந்தது. மற்றபடி ஓட்டுவது சுலபம். மிதித்தால் போகும், விட்டால் நிற்கும். டெஸ்ட்டுக்கும் அதிலேயே போயிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். ஆனால் டெஸ்ட் நாளன்று பார்த்து அதில் சார்ஜ் இருக்காது. வேறு யாருடைய கியர் வண்டியிலாவது என்னை ஏற்றி அனுப்புவார்.

சார்ஜ் ஏன் இருக்காது? அது கரண்ட் கட் காலம். எந்த ஊரில் எத்தனை மணிக்குக் கரண்ட் போகும், எப்போது வரும் என்று மாஸ்டர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், வடலூர் என்று ஊர் வாரியாக. மாறினால் லைன்மேனைப் பிடித்துத் திருத்திக்கொள்வார். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பை விடும்போதே சுவரைப் பார்ப்பார். பெரிய பிளக் பாயிண்ட் இருந்தால் அந்தக் குடும்பம் நல்ல குடும்பம்.

ஒரு முறை ஓ.டி. என்கிற பழைய டவுன் பக்கம் ஒரு சாவு வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டில் இருந்த ஒரே பெரிய பிளக்கில் ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் இருப்புக்கொள்ளாமல் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூத்த மகனிடம் போய், "எப்ப எடுக்கிறீங்க?" என்று தழுதழுத்த குரலில் கேட்டார். நான்காவது தடவை அந்த மகன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டான். "எங்கப்பா மேல இவ்ளோ பாசமா மாஸ்டர் ஒங்களுக்கு!" மாஸ்டரும் அழுதார். திரும்பிப் போக மூன்று கிலோமீட்டருக்குத்தான் சார்ஜ் இருந்தது.

இத்தனை பாடும் ஒரே ஒருவருக்காக. அவர் மனைவி. சிதம்பரத்தில் பள்ளிக்கூட டீச்சர். ஊர் மட்டுமல்ல, மாஸ்டரும் அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். இருபத்திரண்டு வருடமாகக் காலையும் மாலையும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே சிதம்பரம் போய்வந்து, அவர் தோள்பட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அந்தக் காரை அவர் ஓட்ட வேண்டும் என்பது மாஸ்டரின் ஆசை. டீச்சர் அதில் ஏறக்கூட மறுத்தார்.

கடைசியில் மே மாதத்தில் டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார். "ஞாயித்துக்கெழம சிதம்பரத்துல எங்க அக்கா வூட்டு நிச்சயதார்த்தம். இதுலயே போவோம், இதுலயே வருவோம். நடுவுல எங்கியாச்சும் தள்ளுனீங்கன்னா, ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள வித்துடணும். சரியா?"

மாஸ்டர் சரி என்றார். அன்றிலிருந்து அவர் தூங்கியதாகத் தெரியவில்லை. வண்டி ஒரு மூச்சில் சிதம்பரம் போகும். திரும்ப வேண்டுமானால் அங்கே மூன்று மணி நேரமாவது சார்ஜ் ஏற வேண்டும். நோட்டைப் புரட்டினார். "சிதம்பரத்துல பத்துலேருந்து பன்னெண்டு வரைக்கும் கட்டு. பன்னெண்டுக்கு வந்தா மூணு வரைக்கும் இருக்கும். போதும்." சார்ஜுக்குக் காவலாக என்னை நியமித்தார். என்னை. மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கல்யாணம் செய்துவைத்தவனை.

போகும் வழி நன்றாகவே போயிற்று. பின் சீட்டில் முழங்கால் தாடையில் இடிக்க நான் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் முன்னால், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அக்கா வீட்டு வாசலில் மாஸ்டரின் சகலை நின்றிருந்தார். "வாங்க சகலை. இன்னும் ரெண்டு சக்கரம் போட்டா பெரிய வண்டி ஆயிடும்போல" என்று பந்தல் முழுக்கச் சிரிக்க வைத்தார்.

ஜன்னல் வழியாக ஒயரை விட்டுப் பிளக்கைச் செருகிவிட்டு, கூடத்துக்குள் காவலுக்கு உட்கார்ந்தேன். கரண்ட் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாத ஜென்மம் நான். சுவிட்ச் போட்டிருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தது. கரண்ட் இல்லாத வீட்டில் எந்த சுவிட்ச்சைப் பார்த்தாலும் வரும் சந்தேகம்தான் அது. தட்டினேன். திருப்பித் தட்டினேன். இப்போது எது முதலில் இருந்த நிலை என்று மறந்துபோயிற்று. நான்கைந்து முறை தட்டிப் பார்த்து, மனசுக்குச் சரியென்று பட்ட பக்கத்தில் விட்டுவிட்டேன்.

பன்னிரண்டுக்குக் கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது, மைக் செட் பாடியது, எல்லோரும் கை தட்டினார்கள். நான் நிம்மதியாகப் பந்தியில் உட்கார்ந்து இரண்டு முறை பாயசம் வாங்கினேன்.

மூன்று மணிக்குக் கிளம்பும்போது, ஒயரைச் சுருட்ட மாஸ்டர் உள்ளே போனார். கொஞ்ச நேரம் வரவில்லை. வந்தவர் முகத்தில் ரத்தமில்லை. காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பேட்டரி முள் கால் பங்கில் நின்றது. அதே நேரம் கரண்ட்டும் போய், மைக் செட் நடுப்பாட்டில் இழுத்து நின்றது.

"என்னா சகலை, தள்ளி விடணுமா?" என்றார் சகலை.

"வேணாம்" என்று மாஸ்டர் கிளம்பிவிட்டார்.

அந்தப் பயணத்தைப் போல ஒரு பயணம் வேண்டாம். முள்ளைத் தவிர எதையும் யாரும் பார்க்கவில்லை. ஹாரன் அடித்தால் சார்ஜ் இறங்கும் என்று ஆடு மாடுகளைக் கையை நீட்டி விரட்டினார். சைக்கிளில் மீன் கூடையோடு போன பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் எங்களை முந்திப்போனார். முட்லூர் தாண்டியது. என்னை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். புதுச்சத்திரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, கார் சத்தமே போடாமல் நின்றது. ஓடும்போதும் சத்தம் கிடையாது என்பதால், மரங்கள் நகராததை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

டீச்சர் இறங்கிப் புளியமர நிழலில் நின்றார். கடலூர் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று.

"அதுல ஏறியிருந்தா இன்னும் பத்து நிமிஷத்துல ஆலப்பாக்கம்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் சொன்னார்: "எம்மேலதான் தப்பு டீச்சர். சுவிட்ச நான்தான் ஆஃப் பண்ணித் தொலைச்சிட்டேன். வித்துடலாம்."

நான் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு பாயசம் சாப்பிட்ட வாய்.

பதினைந்து நிமிடம் போயிற்று. மாஸ்டர் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு தள்ளலாம் என்று முடிவாயிற்று. ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டுமே? டீச்சர் புடவையைச் சரிசெய்துகொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் நானும், தேய்ந்த முழங்காலோடு மாஸ்டரும்.

தள்ளினோம். முதலில் மலையாக இருந்தது. அப்புறம் கொஞ்சம் லேசாயிற்று. அப்புறம் ரொம்ப லேசாயிற்று. என் உடம்பில் இவ்வளவு பலமா என்று எனக்கே ஆச்சரியம். அந்தப் பெருமிதத்தோடு இன்னொரு தள்ளு தள்ளினேன். அங்கே கார் இல்லை. தார் ரோட்டில் குப்புற விழுந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் கார் ஐம்பது அடி தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. ஓய்ந்துபோன பேட்டரிக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் உயிர் வருமாம். டீச்சர் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார்.

மாஸ்டர் ஓடினார். நொண்டிக்கொண்டே, வலது காலால் காற்றில் பிரேக் மிதித்துக்கொண்டே, ரோடு அதிரக் கத்தினார்: "டீச்சர்! கிளட்ச்! கிளட்ச்! கிளட்ச்ச மிதி!"

இல்லாத கிளட்ச்சை டீச்சர் எப்படி மிதிப்பார்? கார் வளைவில் திரும்பி மறைந்துவிட்டது.

நாங்கள் ஓடிச் சேர்ந்தபோது, புதுச்சத்திரம் எல்லையில் ஒரு டீக்கடை வாசலில் கார் ஓரமாக, ரோட்டுக்கு ஒரு சாண் வெளியே, ஒழுங்காக நின்றிருந்தது. டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூன்று டீ சொல்லியாகிவிட்டது.

"பிளக்கு உள்ள இருக்குது மாமா, கரண்ட்டுதான் இல்ல. நாலரைக்கு வந்துடும்" என்றார் கடைக்காரர்.

மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. "வந்ததும் சார்ஜ் போட்டு ஊர் போயி சேந்துடுவோம் டீச்சர். நாளைக்கே பெங்களூர்க்காரனுக்குப் போன் போட்டு..."

"எதுக்கு?" என்ற டீச்சர் கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். எல்.எல்.ஆர். வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் முப்பது வருட டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரை வைத்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமலே எடுத்திருக்கிறார்.

"இங்கேர்ந்து வூட்டுக்கு நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல ஒக்காருங்க. ஆனா கத்தக் கூடாது."

மாஸ்டர் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு டீயை முழுதாகக் குடித்தார்.

அந்த ஜூனிலிருந்து டீச்சர் காரில்தான் பள்ளிக்கூடம் போனார். பகலெல்லாம் கார் அக்கா வீட்டில் சார்ஜ் ஏறும். சுவிட்ச்சைப் போடுவது சகலையின் வேலை.

நான்கு வருடம் கழித்து எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. இருவரும் அதே காரில் என்னைக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார்கள். டீச்சர் ஓட்டினார். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, வழி முழுக்க வெறும் தரையை மிதித்துக்கொண்டு, சத்தியமாக ஒரு வார்த்தை கத்தாமல் வந்தார். பெட்டியோடு இறங்கினேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போது என்று, கதவைப் பிடித்தபடி குனிந்தேன்.

"மாஸ்டர், அன்னிக்கு சிதம்பரத்துல அந்த சுவிட்ச ஆஃப் பண்ணது நான்தான்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும். கதவ மெதுவா சாத்து."