நம்பர் இல்லாத ரயில் பெட்டி

நான் சந்தேகப் பேர்வழி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மனு டைப் அடிக்கும் கடை வைத்திருப்பவன் வேறு எப்படி இருப்பான்? அண்ணன் வரப்பை நகர்த்திவிட்டான், எதிர்வீட்டுக்காரன் சாக்கடையைத் திருப்பிவிட்டான், மருமகள் கையெழுத்தை மாற்றிவிட்டாள். வருஷக்கணக்காக இதையே அடித்துக்கொண்டிருக்கிறேன். 'மேற்படி எதிர்வீட்டுக்காரர் தங்கமானவர்' என்று மனு கொடுக்க இதுவரை ஒருத்தன் வந்ததில்லை.

இந்த லட்சணத்தில் எனக்கு ஒரு பொழுதுபோக்கு. ஜப்பான் ரயில்கள். பொம்மை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அசல் ரயிலை நூற்றைம்பதில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தது அது. ஒரு பெட்டி ஒரு சாண் நீளம்கூட இருக்காது. தண்டவாளத்தின் அகலம் ஒன்பது மில்லிமீட்டர். கைப்பிடி, கொக்கி, கூரை மேல் வரும் காற்றுக் குழாய் எல்லாம் கடுகு அளவில் தனியாக வரும். இடுக்கியால் எடுத்து ஒட்ட வேண்டும். ஒருமுறை தும்மியதில் இரண்டு கைப்பிடி பறந்துபோய் இன்றுவரை கிடைக்கவில்லை. நான் ஒட்டுகிற நேரம் பார்த்து அம்மா வேண்டுமென்றே மிளகாய் தாளித்தாள் என்று எனக்குச் சந்தேகம்.

மாடி ரூமில் பிளைவுட் பலகை போட்டு, நடுவில் ஒரு மலை செய்து, அதைச் சுற்றித் தண்டவாளம் போட்டிருந்தேன். ஜப்பான் மலை செய்யத்தான் உட்கார்ந்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மலை மாதிரியே வந்துவிட்டது. (பிறந்ததிலிருந்து ஒரே மலையைப் பார்த்தவன் கை வேறு எதைச் செய்யும்?) அம்மா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதோடு விட்டாளா? ஒருநாள் நான் ரயிலை மறுபக்கமாக ஓட்டியபோது மாடிப்படியிலிருந்தே கத்தினாள்.

"டேய் குமாரு, மலைய எடமா சுத்துவியாடா நீ? குடும்பம் வெளங்குமா? திருப்புடா வண்டிய!"

திருப்பினேன். அன்றிலிருந்து என் ஜப்பான் ரயில் வலமாகத்தான் சுற்றுகிறது.

இந்தப் பொழுதுபோக்கில் உச்சகட்ட வேலை ஒன்று உண்டு. அழுக்காக்குவது. புது ரயில் பளபளவென்று இருந்தால் அது பொம்மை. ஓடி ஓடி அலுத்த ரயில் மாதிரி இருந்தால்தான் அது ரயில். அதனால் சக்கரத்துப் பக்கம் துருவின் நிறம், கூரையில் புகைக்கரி, ஜன்னலுக்குக் கீழே மழைத் தண்ணீர் வழிந்த கோடு என்று மெல்லிய தூரிகையால் தீட்ட வேண்டும். என்னிடம் ஆறு பெட்டிகள். ஒன்றை மட்டும் மூன்று வாரம் உட்கார்ந்து அழுக்காக்கி முடித்திருந்தேன். மேலே வார்னிஷும் அடித்தேன். எதற்கும் அழியாது என்று அந்த டப்பாவில் ஜப்பான் மொழியில் போட்டிருந்தது. (எனக்கு ஜப்பான் மொழி தெரியாது. அப்படித்தான் போட்டிருக்கும் என்று நினைத்தேன்.)

அந்தப் பெட்டிக்குள் ஒரே ஒரு பயணியை ஒட்டியிருந்தேன். நெல்லுமணி அளவு ஆள். கறுப்பு மீசை, கட்டம் போட்ட சட்டை. நான்தான் அது. ஜப்பானுக்கு நான் போகப் போவதில்லை. அவனாவது போகட்டும்.

இனி என் தங்கை கோமதி. அப்போது அவளுக்கு இருபத்தொன்பது. அப்பா இல்லாத வீடு, அதனால் மாப்பிள்ளையை விசாரிக்கும் பொறுப்பு என் தலையில். மூன்று வரன் வந்தது. மூன்றையும் நான் விசாரித்தேன். மூன்றும் போனது. ஒருத்தன் வேலை செய்வதாகச் சொன்ன ஆபீசுக்கே போய்க் கேட்டேன். (வேலை செய்தான். நான் கேட்டதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.) இன்னொருத்தன் தலையில் இருப்பது சொந்த முடியா என்று அவன் சித்தப்பாவிடமே கேட்டேன். மூன்றாவதைப் பற்றிப் பேசுவதாக இல்லை.

நாலாவதாக வந்தவர் சக்திவேல். செங்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பெண் பார்த்துவிட்டுப் போய் இரண்டு மாதமாகக் கோமதியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு கேட்டாலே எனக்குச் சந்தேகம் வரும். பௌர்ணமிக்கு அவரும் அவர் அம்மாவும் கிரிவலம் வருவதாகவும், விடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து டிபன் சாப்பிட்டு நிச்சயத்துக்கு நாள் குறிப்பதாகவும் ஏற்பாடு. முதல்நாள் கோமதி மாடிக்கு வந்து கதவில் சாய்ந்துகொண்டாள்.

"ண்ணா, எனக்கு இவர புடிச்சிருக்கு. நாளைக்கு நீ ஒரு கேள்வி கேக்கக் கூடாது."

"ஒண்ணுகூடவா?"

"சாப்ட்டீங்களானு கேளு. அத்தோட வாய மூடிக்கோ. இதுவும் போச்சுன்னா எனக்கு வேற மாப்ளையே வேணாம். உன் ரயிலுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டேஷன் கட்டிக் குடு. ஆயுசுக்கும் அங்கயே ஒக்காந்துனு இருக்கேன்."

சரி என்று தலையாட்டினேன். உண்மையாகத்தான் ஆட்டினேன்.

பௌர்ணமியன்று விடியும் முன்பே அம்மா வீட்டைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். நான் பாலுக்கும் வாழை இலைக்கும் போய், கிரிவலக் கூட்டத்தில் மாட்டி, இலையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்தார்கள். சக்திவேல் வெறுங்காலோடு வந்தார். நெற்றி நிறைய விபூதி, தோளில் ஒரு பை. அவர் அம்மா உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"பதினாலு கிலோமீட்டரும் வெறுங்காலோட நடந்தான் என் புள்ள. ராத்திரிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல. பௌர்ணமி வெரதம்னா அவனுக்கு உசுரு. நான் பொம்பளைங்களோட மெதுவா வந்தேன், அவன் முன்னாடி போய்ட்டான்."

சக்திவேல் தரையைப் பார்த்தார். நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

"சாப்ட்டீங்களா?" என்றேன்.

"வெரதம்னு சொல்றேனே" என்றார் அவர் அம்மா. கோமதி என்னை முறைத்தாள். (எனக்கு அனுமதி கிடைத்ததே அந்த ஒரு கேள்விக்குத்தான்.)

"சார், போன் சார்ஜ் போடணும். எங்க போடலாம்?" என்றார் சக்திவேல். கோமதி மாடி ரூமைக் காட்டினாள். பையோடு மேலே போனார். பத்து நிமிஷம் ஆயிற்று. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் சார்ஜ் போடப் பை எதற்கு? இறங்கி வந்தவர், "சார், ரயிலு சூப்பரா இருக்கு சார். தண்டவாளம் ஒம்போது மில்லி தான?" என்றார்.

இந்த ஊரில் என் ரயிலைப் பார்த்தவர்கள் எல்லாம் கேட்டது ஒரே கேள்வி: 'இதுக்கு செல்லு எங்க போடணும்?' ஒன்பது மில்லி என்று சொல்பவன் விவரம் தெரிந்தவன். விவரம் தெரிந்தவனுக்கு அதன் மதிப்பும் தெரியும். (லேத்காரர் மில்லிமீட்டரைக் கண்ணால் அளப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இது எனக்கு இப்போது தெரிகிறது.)

ஃபேனை நிறுத்தப் போவதாகச் சொல்லி மாடிக்கு ஓடினேன். ஆறு பெட்டிகள் இருந்தன. ஆறும் பளபளவென்று இருந்தன.

என் அழுக்குப் பெட்டி இல்லை. மூன்று வாரத்துத் துரு இல்லை, கரி இல்லை, மழைக் கோடு இல்லை. அது நின்ற இடத்தில் சுத்தமான பெட்டி ஒன்று நின்றது. எடுத்துத் திருப்பினேன். பக்கவாட்டில் இருக்க வேண்டிய நம்பர் இல்லை. நம்பர் பிளேட்டைக் கழற்றிய திருட்டு பைக்தான் அப்படி இருக்கும். ஜன்னல் இடுக்கில் வெள்ளையாக ஏதோ பொடி. முகர்ந்தேன். விபூதி. கீழே உட்கார்ந்திருக்கும் மேற்படி நபரின் நெற்றியிலும் விபூதி. முடிந்தது கதை. (பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் விபூதி இல்லாத நெற்றி எது? என் நெற்றியிலேயே மூன்று கோடு இருந்தது.)

மனு மனசுக்குள் தானாக டைப் ஆனது. 'மேற்படி நபர், மேற்படி அறையில் தனியாக இருந்த சமயம் பார்த்து, எனது அசல் பெட்டியைத் தனது பையில் போட்டுக்கொண்டு, போலிப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டபடியால்...' செங்கத்துக்காரர் ஒருத்தர் கிரிவலம் வரும்போது ஜப்பான் போலிப் பெட்டியைக் கையோடு எடுத்து வருவாரா என்று நான் யோசிக்கவே இல்லை. நான் அடித்த எந்த மனுவிலும் அந்த மாதிரிக் கேள்வி வந்ததில்லை.

பெட்டியோடு கீழே இறங்கினேன். இலை போட்டிருந்தது. இட்லி ஆவி பறந்தது.

"உங்க பைய கொஞ்சம் தெறந்து காட்றீங்களா?" என்றேன்.

கோமதி கையிலிருந்த சாம்பார் கரண்டி அப்படியே நின்றது. "ண்ணா..." என்றாள். அழுகைக்கு முந்தின குரல் அது. எனக்குக் கேட்டது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. இந்தக் கதையில் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருப்பது இந்த ஒரு இடம்தான்.

சக்திவேல் முகம் வெளுத்துவிட்டது. பையை மடிக்கு இழுத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "வேணாம் சார். இப்ப வேணாம் சார்."

"ஏன் வேணாம்? மடியில இன்னா இருக்குது?"

அவர் அம்மா எழுந்துவிட்டார். "இன்னா தம்பி பேசற? என் புள்ளய திருடன்றியா? வெறும் வயித்தோட பதினாலு கிலோமீட்டர் நடந்த புள்ளய? குட்றா பைய!" என்று வெடுக்கென்று பிடுங்கிக் கூடத்தின் நடுவில் கொட்டினார்.

முதலில் ஒரு துண்டு விழுந்தது. அடுத்து ஒரு வலி மருந்து டியூப். அப்புறம் ஒரு ஜோடி சாக்ஸ். தடியான சாக்ஸ். அடிப்பாகம் முழுக்கக் கிரிவலப் பாதையின் கறுப்பு. அது ஒன்றுதான் அங்கே உண்மையாக ஓடி அழுக்கான சரக்கு. கடைசியாக எண்ணெய் ஊறின இரண்டு பேக்கரிக் காகிதங்கள், காலி. மூன்றாவது காகிதத்துக்குள் முழுசாக ஒரு முட்டை பப்ஸ்.

அப்போது அம்மா வடைத் தட்டோடு அடுப்படியிலிருந்து வந்தாள். என் கையைப் பார்த்தாள்.

"அந்தப் பொட்டிய ஏன்டா கீழ எட்த்தாந்த? இப்பதான் தேச்சு வெச்சேன்."

"நீயா தேய்ச்ச?"

"பின்ன? மாப்ள வூட்ல வராங்க, ஆறு பொட்டில ஒண்ணு மட்டும் எண்ணெப்பிசுக்கு ஏறி கெடக்குது. வெள்ளி வெளக்கு தேய்ப்பேனே, அதே மாதிரி விபூதி போட்டு ஒரு தேய் தேச்சேன். ஜாஸ்தி அழுக்குடா. கையே வலிச்சிப் போச்சு."

கோமதி என் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு கண்ணை மூடி ஜன்னலுக்குள் பார்த்தாள்.

"உள்ள நீ ஒக்காந்துனு இருக்க" என்றாள். "மீசையோட. கொஞ்சங்கூட வெக்கமே இல்லாம."

நான் அந்த ஜன்னலுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும். எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

சக்திவேலின் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. மகனைத்தான் பார்த்தார். "முட்டையாடா? பௌர்ணமிலயாடா?" பிறகு என் அம்மாவைப் பார்த்து, "நாங்க கெளம்பறோம்" என்றார். "எழுந்திருடா."

சக்திவேல் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது காகிதத்தைக் காட்டிச் சொன்னார். "ரெண்டு நான் துன்னேன்மா. பசி தாங்கல. அது கோமதிக்கு வாங்கனது. முட்டை பப்ஸ் புடிக்கும்னு போன்ல சொல்லுச்சு."

கோமதி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குனிந்து பப்ஸை எடுத்தாள். இரண்டு அம்மாக்களுக்கும் நடுவில் நின்றபடி ஒரு கடி கடித்தாள்.

"அடிப் பாவி, இன்னிக்காடி!" என்று அம்மா வாயில் கை வைத்தாள்.

"ஆறிப் போச்சு" என்றாள் கோமதி சக்திவேலிடம். "அடுத்த தடவ சூடா வாங்கியாங்க."

அவர் சிரித்துவிட்டார். அவர் அம்மா மகனைப் பார்த்தார், கோமதி வாயோரத்துத் தூளைப் பார்த்தார். ரெண்டும் ஒரே ரகம் என்று தெரிந்துகொண்ட மாதிரி மெதுவாக உட்கார்ந்தார். ரயில் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் வெள்ளிக்கு புளிதான் போடுவேன். விபூதில இவ்ளோ பளிச்னு வருமா?"

"வெறும் விபூதி. ஒரு சொட்டு தண்ணி" என்றாள் அம்மா.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். நின்றுகொண்டு, எழுதி வைத்ததைப் படிக்காமல், நேராகக் கேட்டேன். சக்திவேல், "விடுங்க மச்சான், இனிமே நானே தெறந்து காட்டிட்றேன்" என்றார். சொன்னபடியே செய்கிறார். இன்றைக்கும் எங்கள் வீட்டு வாசலில் கால் வைத்ததும் பையைத் திறந்து நீட்டுகிறார். "மச்சான், செக் பண்ணிக்கோங்க." கல்யாண மண்டபத்து வாசலிலேயே மொய்ப் பையைத் திறந்து காட்டியவர் அவர். மொத்த சொந்தக்காரர்களுக்கும் இது தெரியும். என்னைப் பார்க்க வருகிறவர்கள் கைப்பையைத் திறந்துகொண்டேதான் வருகிறார்கள்.

அந்தப் பெட்டியை நான் மறுபடி அழுக்காக்கவில்லை. நம்பர் இல்லாமல், ஜன்னல் இடுக்கில் விபூதியோடு, ரயிலின் கடைசியில் வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

கோமதியின் மகளுக்கு இப்போது நாலு வயது. அப்பனைப் பார்த்துப் பழகிக்கொண்டு அவளும் கிளம்பும்போது தன் குட்டிப் பையைத் திறந்து என்னிடம் நீட்டுவாள். "மாமா, செக் பண்ணிக்கோ." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் குனிந்து பார்க்கிற மாதிரி பாவனை செய்வேன். போன மாதமும் அப்படித்தான் குனிந்தேன். ஒரு சட்டை, ஒரு பிஸ்கட் பாக்கெட், சட்டைக்கு அடியில் என் நம்பர் இல்லாத பெட்டி. ஜன்னல் வழியாக மீசைக்காரன் என்னைப் பார்த்தான்.

"இன்னாண்ணா, ஏதாச்சும் மாட்டுச்சா?" என்றாள் கோமதி வாசலிலிருந்து.

"ஒண்ணுமில்ல" என்று ஜிப்பை இழுத்து மூடினேன்.

செங்கத்துக்கு ரயில் கிடையாது. என் பெட்டி பஸ்ஸில் போயிற்று. இன்னும் திரும்பி வரவில்லை. மேற்படி நபர் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை.