மாட்டுக் கார்டுக்கு அர்ச்சனை

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு பழைய கார்டை, இங்க சிட்னியில நார்த்மீட் எண்ட இடத்தில ஒருத்தரிட்டக் குடுத்து, அவர் தாற கார்டை வாங்கிக்கொண்டு வாறது.

கார்ட் எண்டால் பாங்க் கார்ட் இல்லை. அமெரிக்கன் ஃபுட்போல் கார்ட். அந்தக் காலத்தில சுவிங்கத்தோட வந்ததாம். முன்பக்கம் ஒரு விளையாட்டுக்காரன்ர படம், மூலையில அவன்ர குழுவின்ர லோகோ.

எங்கட வீட்டுக்காரர் இதைத்தான் சேர்க்கிறவர். சிட்னியில ஃபுட்போல் எண்டால் ஒரு விளையாட்டு. மெல்பேர்னில இன்னொண்டு. யாழ்ப்பாணத்தில வேறொண்டு. இவர் இந்த மூண்டையும் விட்டிட்டு, எங்கட றோட்டில ஒருத்தருக்கும் தெரியாத நாலாவதைப் பிடிச்சுக்கொண்டார். அதையும் விளையாடுறேல்லை. படம் பாக்கிறதோட சரி.

"இந்த மாட்டைப் பாரும்," எண்டு கார்டைக் காட்டினார். மூக்கால புகை விட்டுக்கொண்டு ஒரு எருது. "இப்ப லோகோவை மாத்திப் போட்டாங்கள். வெறும் ரெண்டு கொம்பு. முழு மாடு இந்தப் பழைய கார்டில மட்டும்தான்."

"கறக்குமோ?" எண்டு கேட்டன். அவர் சிரிக்கேல்லை.

இவரிட்ட மாட்டுக் கார்ட் ரெண்டு இருந்தது. நார்த்மீட் கிரஹாமிட்ட, கப்பலுக்கு வழி காட்டுற வெளிச்சவீட்டை லோகோவாப் போட்ட கார்ட் ரெண்டு. அந்தக் குழு ஊர் மாறி, பேர் மாறி, வெளிச்சவீடும் இல்லாமல் போட்டுதாம். அது இல்லாததால எங்கட அல்பத்தில ஒரு வெறும் இடம். வீட்டுக்கு வாற ஆக்களுக்கு இவர் முதல்ல காட்டுறதே அந்த வெறும் இடத்தைத்தான்.

கிரஹாம் அடுத்த நாள் குயீன்ஸ்லாந்துக்குக் குடி போறார். இவருக்கு வேலை. அதால நான்.

"நீர் ஒண்டும் செய்ய வேண்டாம். கார்டை அந்தப் பிளாஸ்ரிக் கவரால வெளியில எடுக்க வேண்டாம். விரல் பட்டாலே அதின்ர மதிப்புப் போயிடும். குடுக்கிறதைக் குடுத்து, தாறதை வாங்கிக்கொண்டு வாரும்."

"ஓம்," எண்டன்.

போற வழியில கோயில். மகள் அபிக்கு செவ்வாய்க்கிழமை டிரைவிங் டெஸ்ட். படிச்சு முடிச்சு வேலைக்குப் போறாள், இன்னும் லைசன்ஸ் இல்லை. டெஸ்டுக்குப் பதிஞ்ச பேப்பரை பிரிண்ட் எடுத்து, அர்ச்சனைத் தட்டில வைக்கிறதுக்காக ஒரு பழுப்பு உறையில போட்டு வைச்சிருந்தனான். எங்கட ஆக்கள் பாஸ்போர்ட், விசாக் கடிதம், கார்த் திறப்பு எல்லாம் அந்தத் தட்டில வைக்கிறதுதானே.

இவர் கார்டைப் போட்டுத் தந்ததும் பழுப்பு உறை.

உங்களுக்கு இப்பவே விளங்கியிருக்கும். எனக்கு அப்ப விளங்கேல்லை.

உறையைத் தட்டில வைச்சுக் குடுத்தன். ஐயர் பேர், நட்சத்திரம் கேட்டார். "அபிராமி, சுவாதி," எண்டு சொல்லிப்போட்டுக் கண்ணை மூடினன். றிவேர்ஸ் பார்க்கிங்குக்கெண்டு தனியாவும் ஒருக்காக் கும்பிட்டன்.

கண்ணைத் திறந்தால் ஐயர் தட்டோட நிக்கிறார். தட்டில தேங்காய், வாழைப்பழம், வெத்திலை. நடுவில பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பொடியன். நெத்தியில சந்தனம், அதுக்கு மேல குங்குமம். மாட்டுக்கும் ஒரு பொட்டு.

"பிளாஸ்ரிக்கில சந்தனம் பிடியாது. அதுதான் வெளியில எடுத்தனான்," எண்டார் ஐயர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் வேண்டிக்கொண்டனான். பொடியன் நல்ல பலசாலியாத் தெரியிறார். ஒரு குறையும் வராது."

எனக்குப் பின்னால நிண்டது சரோஜா அன்ரி. நாங்கள் இருக்கிற பென்டில் ஹில்லில ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரிய வேணுமெண்டால் நாங்கள் அவவுக்குத்தான் சொல்லுறது.

"அபியின்ர ஆளோ?"

"இல்லை அன்ரி, இது... அந்த மாடுதான் முக்கியம்..."

"ஓ, பண்ணைக்காரரோ. நல்லது பிள்ளை."

கார்டைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினன். டெஸ்ட் பேப்பர் ஒரு ஆசீர்வாதமும் இல்லாமல் சீற்றில கிடந்தது.

முதல்ல காய்ஞ்ச டிஷ்யூவால ஒத்தினன். சந்தனம் கொஞ்சம் வந்தது. பிறகு டிஷ்யூவை நனைச்சுத் துடைச்சன். அதுதான் பெரிய பிழை. குங்குமம் கரைஞ்சு மூக்கு வழியா வாயடிக்கு இறங்கிச்சுது. ஆரோ மூக்கில குத்தின பிறகும் சிரிச்சுக்கொண்டு நிக்கிற ஆள் மாதிரி.

ஈரம் காயட்டும் எண்டு கார் ஹீற்றருக்கு முன்னால பிடிச்சன். கார்ட் அப்பளம் மாதிரி வளைஞ்சுது.

நிமித்திறதுக்கு உறையில போட்டு, அதுக்கு மேல இருந்துகொண்டே காரை ஓடினன்.

பாதி வழியில அபியின்ர கோல்.

"அம்மா, ஹூ ஆம் ஐ மேரியிங்?"

"ஒருத்தரையும் இல்லை. ஃபோனை வை."

"ஹாஸ் ஹீ காட் அ ஃபார்ம்?"

நான் வைச்சிட்டன்.

கிரஹாமின்ர வாசலில கொஞ்ச நேரம் காருக்குள்ளேயே இருந்தன். திரும்பிப் போனால் இவற்ற அல்பத்தில அந்த இடம் சாகும் வரைக்கும் வெறும் இடம்தான். உள்ள போனால் வெக்கம். வெக்கம் ஒரு நாளோட முடியும் எண்டு இறங்கினன்.

கிரஹாம் உயரமான வயசாளி. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் கதவைத் திறந்தார். கார்டைத் தொடுறதுக்காம். நான் என்ர சீற்றால எடுத்த உறையை அந்தக் கையில வைச்சன்.

பாத்தார். திருப்பிப் பாத்தார். மூக்கடியில வைச்சு மணந்தும் பாத்தார்.

"இது இரத்தமா?" எண்டு இங்கிலிஷில கேட்டார்.

பொய் சொல்ல நல்ல வாய்ப்பு. ஆனால் சந்தன வாசத்துக்கு என்ன பொய் சொல்லுறது? எல்லாத்தையும் சொன்னன். ஐயர், அன்ரி, பண்ணை, ஹீற்றர் எல்லாம்.

அவர் பக்கத்தில கட்டி வைச்சிருந்த பெட்டிக்கு மேல குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கிச்சுது. ஐயோ, வயசான மனுசனை அழ வைச்சிட்டன் எண்டு நினைச்சன். மனுசன் சிரிச்சுக்கொண்டிருக்கிறார். மனிசியைக் கூப்பிட்டு, "திரும்ப முதலில இருந்து சொல்லும்," எண்டார். சொன்னன். பண்ணை வந்த இடத்தில அவவும் ஒரு பெட்டிக்கு மேல குந்திட்டா.

கடைசியா வெளிச்சவீட்டுக் கார்டை எடுத்துத் தந்தார். ஒரு கீறல் இல்லை.

"இதை நீங்கள் தரத் தேவையில்லை," எண்டன். "பழுதாக்கினது நான்தான்."

"நாப்பது வருசமாச் சேர்க்கிறன்," எண்டார். "கோயிலுக்குப் போய் வந்த கார்ட் ஒண்டையும் நான் காணேல்லை."

வீட்டை வந்து இவரிட்டக் குடுத்தன். அல்பத்தில வைச்சிட்டு, தள்ளி நிண்டு பாத்தார். கிட்ட வந்து பாத்தார். அண்டைக்குத் தேத்தண்ணியும் அவர்தான் போட்டார். நடந்ததைச் சாப்பிட்ட பிறகு ஆறுதலாச் சொல்லுவம் எண்டு நான் சமைக்கப் போனன்.

அதுக்குள்ள கிரஹாம் இவருக்கு ஒரு படம் அனுப்பிப் போட்டார். மாட்டுக் கார்ட், சட்டம் போட்டு. கீழ ஒரு வரி: உலகத்திலேயே ஒண்டே ஒண்டு.

இவர் அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பாத்தார். பொட்டு வைச்ச மாட்டை இன்னும் பெரிசாக்கினார். நான் முழுக் கதையும் சொன்னன். ஏச்சு வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.

"இதை ஏன் குடுத்தனீர்?"

"நீங்கள்தானே குடுக்கச் சொன்னனீங்கள்."

"நான் குடுக்கச் சொன்னது மாட்டுக் கார்ட். இது அர்ச்சனை செய்த மாட்டுக் கார்ட்."

"அதே மாடு உங்களிட்ட இன்னொண்டு இருக்குத்தானே?"

"அது ஆரிட்டையும் இருக்கும்," எண்டார்.

வெளிச்சவீட்டைத் திருப்பித் தாறன், அதோட இன்னும் மூண்டு கார்டும் தாறன் எண்டு கிரஹாமுக்கு எழுதினார். உடனே பதில் வந்தது: சொரி, மேட்.

இப்ப வீட்டுக்கு வாற ஆக்களுக்கு அல்பம் காட்டுறேல்லை. கிரஹாம் அனுப்பின படத்தைத்தான் காட்டுறார்.

கார்ட் சேர்க்கிறதைப் பற்றி நான் படிச்சது இவ்வளவுதான்: அபூர்வம் எண்டால், மற்ற ஆளிட்ட இருக்கிறது.