மாப்பிள்ளைப் பையனின் மூன்று நிமிஷ ஆட்டம் பற்றிய தர அறிக்கை

தாயில்பட்டி,
வியாழக்கிழமை காலை.

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் லட்சுமிகாந்தம் அவர்களுக்கு, தாயில்பட்டி மாரிசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கச்சியும் பிரீத்திகாவும், என் வலது முழங்கால் நீங்கலாக, சௌக்கியம். விருதுநகரில் நீங்களும் அக்காவும் உங்கள் கல்யாணப் பத்திரிகை அச்சகமும் அதைவிடச் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் சொல்ல வேண்டியதை இந்த மனுஷன் ஏன் நாலு பக்கம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். முப்பத்தொரு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் குவாலிட்டி பார்த்தவன் நான். நல்லதோ கெட்டதோ எழுத்தில் கொடுத்து, கீழே கையெழுத்துப் போட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

விஷயம் நீங்கள் கொண்டுவந்த சூலக்கரை சம்பந்தம். பையன் ஸ்ரீராம்குமார், அரசாங்க வேலை, ஜாதகம் பொருத்தம், உயரம் பொருத்தம், அவர்கள் வீட்டு நாய்கூட நம்மைப் பார்த்துக் குரைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நீங்கள் அவர்களிடம் நம் பதிலைச் சொல்லியாக வேண்டும். உங்கள் தங்கச்சி சரி என்கிறாள், பிரீத்திகா தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறாள், பாக்கி நான் ஒருத்தன்தான். ஆனால் மச்சான், பெட்டியின் மேலே உள்ள படத்தைப் பார்த்து நான் ஒரு லாட் சரக்கையும் பாஸ் பண்ணியதில்லை. பத்து சாம்பிள் எடுத்து, பொட்டலில் வைத்துக் கொளுத்தி, ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்து, திரி எத்தனை விநாடி எரியுது, சத்தம் ஒழுங்காக வருதா, இல்லை புஸ்ஸென்று போயிருதா என்று எழுதிய பிறகுதான் லோடு ஏறும். பெட்டியில் அறுபது ஷாட் என்று போட்டு உள்ளே ஐம்பத்தொன்பது இருந்தால் மொத்த லோடையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அது ஊருக்கே தெரியும். மாப்பிள்ளையைக் கொளுத்திப் பார்க்க முடியாது. என்ன செய்யலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டு இருந்தபோதுதான் நீங்கள் டைப் அடித்து அனுப்பிய பயோடேட்டாவில் கடைசி வரி கண்ணில் பட்டது. பொழுதுபோக்கு: ஆன்லைன் செஸ்.

உங்களுக்கே தெரியும், கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செஸ்ஸில் என்னை அடிக்க ஆள் கிடையாது. அது ஒரு ஆட்டம் ஒரு வாரம் ஓடும். இது அப்படி இல்லையாம், ஆளுக்கு மூன்றே நிமிஷம், அதற்குள் யோசித்து, நகர்த்தி, ஜெயித்துவிட வேண்டுமாம். விநாடிக் கணக்கு என்றால் என் தொழில் அல்லவா, எனக்குப் பரம சந்தோஷம். “ஏம்மா, அந்தப் பையன் என்ன பேர்ல ஆடுறாருன்னு தேடி எடுத்துக் குடு, நான் யாருன்னு தெரியாம ஆடிப் பாக்கணும்” என்று பிரீத்திகாவிடம் சொன்னேன். பிள்ளைக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. போனைத் தூக்கிக்கொண்டு ரூமுக்குள் போனவள் பத்து நிமிஷத்தில் வந்து, “கண்டுபிடிச்சிட்டேன்பா, ‘சூலக்கரை ஸ்ரீராம்’னு இருக்காரு” என்றாள். எனக்கும் ஒரு பெயர் போட்டுக் கொடுத்தாள். வயசு தெரியக்கூடாது என்பதற்காக ‘சிவகாசி சிங்கம் 18’ என்று நானே சொன்னேன்.

பதினேழு நாள், தினமும் சாயங்காலம், மொத்தம் தொண்ணூற்றாறு ஆட்டம். முதல் நாள் மூன்று ஆட்டமும் நான் ஜெயித்தேன். “இவனெல்லாம் ஒரு ஆளா!” என்று நான் சொன்னது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கிறது. உங்கள் தங்கச்சி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து, “என்ன இப்படிக் கத்துறீக, எங்கனயும் பத்திக்கிருச்சோன்னு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு” என்றாள். இரண்டாம் நாளிலிருந்து அந்தப் பையனுக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, அடி அடி என்று அடிக்கிறார். அதற்குப் பிறகு நான் ஜெயித்தது நாலு, டிரா ஒன்று, மிச்சம் எண்பத்தெட்டும் தோல்வி. தோற்ற கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சம் கோபம் இருக்கத்தான் செய்கிறது.

ஆட்டத்தின் பாணி: திரி மகாக் குட்டை. நான் நகர்த்தி விரலை எடுக்கவில்லை, அதற்குள் பதில் வந்துவிடும். ராஜாவை ஓரமாகப் பாதுகாப்பாக வைப்போம் என்ற எண்ணமே கிடையாது, நடுக்களத்தில் நிறுத்திவிட்டு எல்லாரும் சண்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு சிப்பாயைத் தொட்டேன், ஒரே ஒரு சிப்பாய், அதற்காக யானை, குதிரை, மந்திரி எல்லாம் வரிசையாக வந்து என்னைக் குதறிவிட்டன. அதைக்கூட நான் மன்னிப்பேன். ராணியை வெட்டுக் கொடுக்கிறார், மச்சான்! தெரிந்தே கொடுக்கிறார். கட்டிக்கொள்ளப் போகிறவளை நாளைக்கு எந்த நெருக்கடியில் எங்கன கொண்டுபோய் நிறுத்துவாரோ என்று சிவப்பு மையில் குறித்து வைத்தேன். அந்த ஆட்டத்தில் அடுத்த மூன்று நகர்த்தலில் என் ராஜா செத்தது வேறு விஷயம்.

சிறப்பு என்று பார்த்தால் இல்லாமல் இல்லை, ரிப்போர்ட் என்றால் நேர்மையாக எழுத வேண்டும். கையில் ராஜாவும் ஒரு சிப்பாயும்தான் மிச்சம் என்றாலும் விடமாட்டார், அந்தச் சிப்பாயைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு கடைசிக் கட்டம் வரை போய்விடுவார். இன்னொன்று, பதினோராம் நாள் என் போன் சூடாகி நின்றுவிட்டது. திரும்ப உயிர் வந்தபோது என் கணக்கில் நாலே விநாடி, சும்மா இருந்தாலே அவருக்கு ஜெயம். ஆனால் அவர் டிரா கேட்டு வைத்திருந்தார். “போன் நின்னு போச்சுன்னு தெரியும், இது கணக்குல சேராது” என்று கீழே எழுதியிருந்தார். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். போன் நின்றது சூலக்கரைக்கு எப்படித் தெரிந்தது என்று அப்புறம்தான் யோசித்தேன்.

இனிமேல் வருவதுதான் முக்கியம், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். குறைகள். தினமும் ஏழு மணிக்கு இந்தப் பையன் ஆட்டத்தின் நடுவில் காணாமல் போகிறார். நான் தெளிவாகக் குறித்து வைத்திருக்கிறேன். “பிரீத்திகா, காப்பி” என்று நான் குரல் கொடுப்பேன், அவளும் பாவம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள், அந்த இரண்டு நிமிஷமும் அங்கன அசைவே இருக்காது. ஏழு மணிக்கு அப்படி என்ன வேலை, சிகரெட்டா? அடுத்து, போன வாரம் வெம்பக்கோட்டைப் பக்கம் பேய் மழை. சிவகாசி பிரஸ்ஸில் டிசைன் வேலை முடிந்து ஆறரைக்கு வரவேண்டிய பிரீத்திகா, பஸ் நின்றுபோய் எட்டு மணிக்குத்தான் தொப்பலாக வந்தாள். மாப்பிள்ளைப் பையனும் அன்றைக்கு எட்டேகாலுக்குத்தான் ஆட வந்தார். சூலக்கரையில் பொட்டு மழை இல்லை என்று விசாரித்துவிட்டேன். அப்படியானால் எங்கே சுத்திவிட்டு வந்தார்? இதையெல்லாம் கேட்கப் பெண்ணுக்கு அப்பன் என்று ஒருத்தன் இருக்கிறான் அல்லவா?

வாய்த்துடுக்கு அதைவிட. ஒவ்வொரு முறை ஜெயித்ததும் நாக்கை நீட்டும் மூஞ்சி ஒன்றை அனுப்புகிறார். நான் சிங்கம் பதினெட்டு, ஆனால் என்னை “பெரியவரே” என்கிறார். சனிக்கிழமை ஐந்து ஆட்டம் வரிசையாகத் தோற்றுவிட்டு “இன்னொண்ணு” என்று எழுதினேன். “போதும் பெரியவரே, பிரஷர் மாத்திரை போட்டாச்சா?” என்று பதில் வருகிறது. நான் மாத்திரை போடவில்லை என்பது நிஜம். எப்படித் தெரியும்? நம் வீட்டைப் பற்றி யாரிடமோ துப்பு விசாரிக்கிறார். நான் இங்கே அவமானப்பட்டு உட்கார்ந்திருக்கிறேன், அந்தச் சமயம் பார்த்து பிரீத்திகா ரூமுக்குள் போனில் ஏதோ வீடியோ பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும், குழந்தை.

தோல்வி வந்தால் ஒத்துக்கொள்ளும் புத்தி கிடையாது. முதல் நாளுக்குப் பிறகு நான் ஜெயித்த நாலு ஆட்டத்திலும் உடனே மறு ஆட்டம் கேட்டு, அதில் என்னை அடித்த பிறகுதான் போனார். இவ்வளவு பிடிவாதம் ஒரு பிள்ளைக்குத் தானாக வராது மச்சான், வளர்த்த தகப்பனைத்தான் சொல்லணும். செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறான். அந்த மனுஷன் மூஞ்சியை ஒரு நாள் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும் போல இருக்கிறது. இந்தக் குணத்தோடு ஒரே வீட்டில் காலம் தள்ளப்போகிற ஜீவனை நினைத்தால் எனக்கே பரிதாபமாக வருகிறது.

ஆகவே முடிவு: லாட் நிராகரிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவர்கள் மனசு நோகாமல் முடியாது என்று சொல்லிவிடுங்கள். வேலையின் நிமித்தம் கேலண்டர் லோடு ஏற்றிக்கொண்டு விருதுநகர் வரும் லாரி டிரைவர் மணிமுத்துவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வீட்டில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் என் அன்பு. உங்கள் அச்சகத்தில் தாள் சிக்காமல், மை காயாமல், முகூர்த்த மாதமெல்லாம் ஆர்டர் குவியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
மு. மாரிசாமி
(குவாலிட்டி, ஓய்வு)

பின்குறிப்பு: மச்சான், மேலே உள்ளதைப் படித்துவிட்டு யாருக்கும் போன் போட்டுவிடாதீக, மொதல்ல இதப் படிங்க. கவர் ஒட்டப் பசை எடுக்கப் போன நேரத்தில் பிரீத்திகா மேஜை மேலே இருந்த கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டாள். திரும்பி வந்து பார்க்கிறேன், கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். “அப்பா, அந்த சூலக்கரை ஸ்ரீராம் நான்தான்” என்கிறாள். போனைத் திறந்து காட்டுகிறாள், தொண்ணூற்றாறு ஆட்டமும் அதில் இருக்கிறது, நாக்கு நீட்டும் மூஞ்சி உட்பட.

“அவருக்கு செஸ்ஸே தெரியாதுப்பா. ஒரே ஒரு தடவ போன்ல பேசினோம்ல, அன்னைக்கே சொல்லிட்டாரு, குதிரை எப்படிப் போகும்னுகூடத் தெரியாதாம். பொழுதுபோக்குங்குற இடம் காலியா இருந்தா பிரிண்டுல அசிங்கமா இருக்கும்னு லட்சுமிகாந்தம் மாமாதான் செஸ்னு போட்டு நெரப்பிட்டாக. பெட்டியில போட்டது உள்ள இல்லன்னா நீங்க லோடையே திருப்பி அனுப்புற ஆளு. அவரையும் திருப்பி அனுப்பிருவீகன்னு பயந்துட்டேன்” என்கிறாள். சரி, அப்படியானால் அடக்க ஒடுக்கமாக ஆடித் தோற்றிருக்கலாமே என்றேன். “அப்படித்தான் நெனச்சேன். பஸ்ஸுல போக வர இதத்தான் ஆடுவேன், இருந்தும் மொத நாள் வேணும்னே மூணு ஆட்டம் தோத்தேன்ல. நீங்க ‘இவனெல்லாம் ஒரு ஆளா’ன்னீக. அதுக்கு மேல என்னால முடியலப்பா” என்றாள். அப்புறம், “எனக்கு அவரப் பிடிச்சிருக்கு” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஒரு தகப்பன் மூஞ்சியைப் பார்க்கணும் என்று மேலே எழுதியிருந்தேன், சட்டை மாட்டும்போது கண்ணாடியில் பார்த்துவிட்டேன். இதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுசாக எழுதலாம், ஆனால் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டைக் கிழிக்கிற வழக்கம் எனக்கு இல்லை, திருத்தம்தான் போடுவேன். மணிமுத்து வேறு வாசலில் விடாமல் ஆரன் அடித்துக்கொண்டு இருக்கிறார். ஆகவே திருத்தம்: லாட் பாஸ். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே போய்ச் சம்மதம் சொல்லிவிடுங்கள். பயோடேட்டா விஷயத்தை நான் வெளியே விடமாட்டேன், பதிலுக்கு நீங்களும் ஒரு உபகாரம் செய்ய வேண்டும். மேலே உள்ள குறைகளில் ஒரு எழுத்துக்கூட மாற்றமில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. அதனால் இந்தக் கடிதம் மட்டும் சூலக்கரைப் பக்கம் போய்விடக் கூடாது. கல்யாணம் ஆகட்டும், மாப்பிள்ளை தானாகவே கண்டுபிடித்துக்கொள்வார்.